கடைசிப் பத்து இலக்கம்

பட்டுக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிற்றிதழ் நின்றுபோனதில் எனக்குப் பங்கு உண்டு. வாசகர்கள் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள் என்று அதன் ஆசிரியர் நினைத்தார். அவர்கள் விலகவில்லை. அவர்களுடைய தொலைபேசி எண்களை நான் கெடுத்து வைத்திருந்தேன். கெட்டது தெரிந்த பிறகும் மறைத்தேன். ஆசிரியரிடம் சொல்லியாயிற்று. வாசகர்களிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் டி.டி.பி. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் செய்வேன். அந்த இதழின் பக்கங்களையும் நான்தான் வடிவமைத்துக் கொடுத்தேன். ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மெய்ப்புத் திருத்த வரும்போது ஒரு நீள நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். அதுதான் சந்தாதாரர் நோட்டு. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிய காலத்திலிருந்து சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு மூலதனம் என்றால் இந்த மாதிரி ஒரு பட்டியல்தான். பெட்டிக்கடையில் தொங்கவிட்டு விற்கிற இதழ் இல்லை. இன்னார் இன்ன ஊரில் இருக்கிறார், அனுப்பினால் படிப்பார் என்ற நம்பிக்கையில் நடப்பது.

நோட்டில் பெயர், முகவரி, எண் மூன்றும் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ஆசிரியர் ஏதாவது ஒரு குறிப்பு எழுதாமல் விடமாட்டார். “பி.பி., எதிர்வீட்டு மளிகைக் கடை, மாலை 6க்கு மேல்” என்று ஒன்று. “காது மந்தம், மருமகளிடம் சொன்னால் போதும்” என்று ஒன்று. அலுவலக எண் கொடுத்தவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் எண். கும்பகோணத்தில் தனியாக இருந்த ஓர் அம்மையார் தை பிறந்தால் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போய்ப் பங்குனிவரை இருப்பார். அதனால் அவர் பெயருக்கு நேரே இரண்டு எண், எந்த மாதத்துக்கு எது என்ற விவரத்தோடு. யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ எண்களும் இருந்தன.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பகுதியை அடித்துப் போட்டது. தென்னை போனது ஊருக்கே தெரியும். ஆசிரியர் வீட்டில் ஓடு பறந்து, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, நோட்டு ஊறிவிட்டது. மின்சாரம் திரும்பி வந்ததும் அதை வாங்கிவந்து, ஒவ்வொரு தாளாக உரித்துக் காயவைத்து, மை கரைந்த இடங்களில் அவரைக் கேட்டுக் கேட்டு எக்செல்லில் ஏற்றினேன். எண்ணுக்கான கட்டங்களை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இல்லாவிட்டால் 044க்கு முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். அவருடைய குறிப்புகளையும் அதே கட்டத்தில், அவர் எழுதியபடியே அடித்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தது விஷயம் தெரியாதவன் செய்த தப்பு இல்லை. ஓர் எண்ணைக் கணினியில் எப்படி வைக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நோட்டுத் தாள்கள் பூசணம் பூத்து உதிர்ந்துபோயின. என் கணினியில் இருந்த ஃபைல் ஒன்றுதான் மிச்சம்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அச்சகம் மூடிவிட்டார்கள், தபாலும் சரியாகப் போகவில்லை. இதழைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான். அதற்கு எல்லா எண்களும் நாட்டுக் குறியீட்டோடு ஒரே மாதிரி இருந்தால்தான் மொத்தமாகப் போனில் ஏற்ற முடியும். ஆசிரியர், “ஒவ்வொண்ணாப் பாத்து மாத்திடலாமே தம்பி, நீங்க படிங்க, நான் சொல்றேன்” என்றார். அவருக்கு அது வேலையாகவே தோன்றியிருக்காது. ஒவ்வொரு பெயரையும் கேட்டு நாலு வார்த்தை பேசியிருப்பார். நான்தான், “ஒரு மேக்ரோ போட்டா ரெண்டு நிமிஷம் ஐயா” என்றேன்.

இந்திய எண்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சென்னைக்கு 44, அதற்குப் பின் எட்டு இலக்கம். கோவைக்கு 422, பின்னால் ஏழு. பட்டுக்கோட்டைக்கு 4373, பின்னால் ஆறு. முன்னால் போடும் பூஜ்யத்தை விட்டுவிட்டால் எங்கே எடுத்தாலும் கூட்டுத்தொகை பத்து. மொபைலும் பத்து. அந்த ஒழுங்கைக் கண்டதும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. கட்டத்தில் இருப்பதில் இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கு. மிஞ்சுவதில் கடைசிப் பத்தை எடுத்துக்கொள். எட்டுதான் இருந்தால் 44 சேர், ஆறுதான் இருந்தால் 4373 சேர். எல்லாவற்றுக்கும் முன்னால் +91 போடு. மேக்ரோ அவ்வளவுதான். உச்சியில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கே இடறினாலும் நிற்காதே, சொல்லாதே, அடுத்ததற்குப் போ என்று அதற்குப் பொருள். வேலை நடுவில் நின்று என்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவே போட்டேன்.

எண்கள் நாலாவது பத்தியில் இருந்தன. மாற்றிய எண்ணை அதே பத்தியில், பழையதன் மேலேயே எழுதச் சொன்னேன். ஐந்தாவது பத்தியில் எழுதச் சொல்லியிருந்தால் பழையது பக்கத்திலேயே இருந்திருக்கும். மேக்ரோவில் அதற்கு ‘டி’ என்ற ஓர் எழுத்தை ‘ஈ’ என்று மாற்றினால் போதும். ஃபைலுக்கு ஒரு நகலும் எடுக்கவில்லை. ஓடவிட்டேன். அந்தப் பத்தி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஒரே அகலத்தில் +91, +91 என்று நின்றது. அதன் நேர்த்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, சேமித்து, மூடினேன். மேக்ரோ ஓடிய பிறகு எக்செல்லில் ‘அண்டூ’ வேலை செய்யாது. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

மறுநாள் இதழைச் சிலருக்குத் தனித்தனியாக அனுப்பிப் பார்த்தேன். லண்டன் வாசகர் ஒருவர் பெயரில் பதில் வந்தது. அவர் எப்போதும் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவர். வந்த பதிலில் இந்தியில் ஒரே ஒரு சொல், யார் என்று. முகப்புப் படத்தில் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளையும் முக்காடு போட்ட மணப்பெண்ணும். பிரிட்டனின் மொபைல் எண் 44க்குப் பிறகு 7இல் தொடங்கும் பத்து இலக்கம். கடைசிப் பத்தை எடுத்து முன்னால் 91 போட்டால் வடக்கே எங்கோ ஒருவருடைய எண் ஆகிவிடுகிறது.

அப்போதுதான் பத்தியை ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். இலங்கை மொபைல் 94, 77, அப்புறம் ஏழு இலக்கம். முன்னால் இருந்த 9 உதிர்ந்து 477இல் தொடங்கியது. 0477 ஆலப்புழையின் எஸ்.டி.டி. குறியீடு. டொரண்டோவின் 416 வேலூரின் 0416 ஆகியிருந்தது. சிங்கப்பூர் எண் 65உம் எட்டு இலக்கமும் சேர்ந்து சரியாகப் பத்து என்பதால், 6இல் தொடங்கும் இந்திய மொபைல் போலவே இருந்தது. எதுவும் பிழை போலத் தெரியவில்லை. அத்தனையும் ஒழுங்கான எண்கள், வேறு யாருடையவையோ.

உள்ளூர்க்காரர்கள் கதி இன்னும் மோசம். அந்த மளிகைக் கடை பி.பி. எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் எண், 04362 என்று தொடங்கி ஆறு இலக்கம். “மாலை 6க்கு மேல்” என்பதில் எழுத்துகள் எல்லாம் போய் 6 மட்டும் மிஞ்சி, எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு இலக்கம் ஆகிவிட்டதால் முன்னால் இருந்த 04 கழன்றது. 362இல் தொடங்கி 6இல் முடியும் அந்த எண் மளிகைக் கடையுடையது இல்லை. எக்ஸ்டென்ஷன் இருந்தவர்களுக்கும் இதே கதை. இரண்டு எண் இருந்தவர்களுக்கு இரண்டாவது மட்டும் மிஞ்சியது. கும்பகோணத்து அம்மையாருக்குச் சென்னை எண். காது மந்தமானவருடைய மருமகளைப் பற்றிய குறிப்பும் போயிற்று. முப்பது வருஷமாக ஆசிரியர் ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்துவைத்திருந்த அத்தனையும் அந்தக் கட்டங்களில்தான் இருந்தது. அதை நான் எண்ணைக் கெடுக்கிற அழுக்காக நினைத்துத் துடைத்திருக்கிறேன்.

அன்றைக்கே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்போது அவருக்குப் பாதி ஞாபகத்தில் இருந்திருக்கும். மீதிக்கு முகவரிப் பத்தி இருந்தது. அதை மேக்ரோ தொடவில்லை. ஆளுக்கு ஓர் ஐம்பது காசுக் கார்டு போட்டு எண்ணைக் கேட்டிருந்தால் தபால் சீரானதும் பதில் வந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. வெளிநாட்டு எண்களில் பலவற்றை முகவரியைப் பார்த்து ஊகித்து, யாருக்கும் தெரியாமல் திருத்தினேன். டொரண்டோவுக்கு ஒரு 1, யாழ்ப்பாணத்துக்கு ஒரு 9, லண்டனுக்கு 44. அது சரியாகிவிட்டதும், பெரும்பாலும் சரிசெய்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊகிக்க முடியாதவற்றை அப்படியே விட்டேன்.

“ஏன் தம்பி பாதிப் பேர்கிட்டேருந்து ஒரு சத்தமும் இல்ல?” என்று ஆசிரியர் கேட்டார். வாட்ஸாப்பில் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். “அவங்க நம்ம நம்பர சேவ் பண்ணலை போலிருக்கு ஐயா” என்றேன். விதி உண்மை. நான் அதைச் சொன்ன காரணம் பொய். அவர் முகம் தெரியாத தொலைபேசியில், “ஓ, நம்ம நம்பர் அவங்ககிட்ட இல்லியா” என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷம் பழகியவர்கள் தன் எண்ணைக்கூட வைத்திருக்கவில்லை என்று அவரை நினைக்க வைத்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சொல்வதற்கு இன்னொரு வாய்ப்பு தானாக வந்தது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்று மாற்றினார்கள். அவர் வீட்டில் லேண்ட்லைன்தான் புழக்கம். பூஜ்யம் சேர்த்துப் பெரிய எழுத்தில் ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். அந்தப் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கெட்ட எண்கள் எவை என்று எனக்குத் தெரியும். அவற்றுக்கும் பூஜ்யம் சேர்த்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் இரண்டாம் அலையில் அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இதழுக்காக இல்லை, யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. 2021 மே மாதம். தினமும் யாராவது ஒருவர் போன செய்தி வந்துகொண்டிருந்த நேரம். கும்பகோணத்து அம்மையாருக்குத் தினம் காலையில் அடிப்பார். மணி போய்க்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மா எடுக்க மாட்டேங்கறாங்க தம்பி. ஆஸ்பத்திரியில இருக்காங்களோ என்னவோ. இல்ல...” என்று நிறுத்தினார். வைகாசி மாதம் அது. வைகாசியில் அவர் சென்னையில் இருக்கமாட்டார். தை முதல் பங்குனி வரைதான் மகள் வீடு என்று நோட்டில் இருந்ததை நானே என் கையால் அடித்திருக்கிறேன். மை கரைந்து ‘பங்குனி’ தெரியாமல் போய் ஆசிரியரிடம் கேட்டதுகூட நினைவிருந்தது. அவருக்கு மறந்துவிட்டது, மறந்துவிடும் என்றுதான் எழுதி வைத்திருந்தார். “அது சென்னை நம்பர் ஐயா, அவங்க கும்பகோணத்துல இருப்பாங்க” என்று சொன்னால் போதும். சொன்னால், அந்த எண் எங்கே என்று கேட்பார். நான் பேசாமல் இருந்தேன். அந்த அம்மையார் இறந்துவிட்டார் என்று அவர் மனசுக்குள் முடிவுகட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். அதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெடுபிடிகள் தளர்ந்ததும் இதழை மறுபடி அச்சில் கொண்டுவர அவருக்கு ஆசை. அதற்குப் பழைய சந்தாக்கள் புதுப்பிக்கப்பட வேண்டும். தொலைபேசியில் கேட்டதில் கிடைத்தவர்கள் குறைவு. “எல்லாருக்கும் ஒரு கார்டு போட்டுப் பாக்கலாமா தம்பி?” என்று அவரே கேட்டார். “இப்பல்லாம் யாருங்க ஐயா கார்டுக்குப் பதில் போடறாங்க” என்று தடுத்தேன். போட்டால், என் நம்பர் அதேதானே, ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது எழுதுவார்கள். அதற்குப் பயந்து தடுத்தேன். எண்களை அழித்தது கவனக்குறைவு. கார்டைத் தடுத்தது அப்படியில்லை.

கடைசி இதழின் தலையங்கத்தில், படிக்கிறவர்கள் அருகிவிட்ட பிறகு பிடிவாதமாக நடத்துவதில் பொருளில்லை என்று அவர் எழுதினார். அவர் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தட்டச்சு செய்தவன் நான். பக்கம் கட்டி, மெய்ப்பு எடுத்துக் கொடுத்தேன். ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

நானாக முன்வந்து அவரிடம் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பழைய சந்தாதாரர் ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். இதழ் ஏன் வருவதில்லை என்று அவர் கேட்க, உங்கள் எண் மாறிவிட்டதே என்று இவர் சொல்ல, இருபது வருஷமாக அதே எண்தான் என்று அவர் காட்டியிருக்கிறார். பந்தியிலிருந்து நேரே என் கடைக்கு வந்தார். “அவர் நம்பர் மாறவே இல்லியாமே தம்பி” என்றார். அப்போதும் சொல்வதற்கு ஒரு பொய் கைவசம் இருந்தது. ஏனோ வரவில்லை. மேக்ரோவிலிருந்து கார்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கும்பகோணத்தம்மா நம்பரும் அப்படித்தானா?” ஆமாம் என்றேன். தை, பங்குனி விவரமும் எனக்குத் தெரிந்தே இருந்தது என்பதையும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை.

முகவரிப் பட்டியலை மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு, கார்டுகளை அவரே எழுதிப் போட்டார். அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. கும்பகோணத்திலேயே இருக்கிறார். கொரோனா முழுக்க அங்கேயேதான் இருந்திருக்கிறார். ஆசிரியருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயத்தில் கூப்பிட்டுக் கேட்கவே தைரியம் வரவில்லை என்றும், நலமாக இருந்துகொண்டே ஒரு கார்டுகூடப் போடாமல் இருந்துவிட்டீர்களே என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஆசிரியர் எனக்குக் கொடுத்தனுப்பினார். படித்துவிட்டு, அது யார் குற்றம் என்பதை அம்மையாருக்கு நான் எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு நியாயமில்லை.

பதில் வந்தவர்களுடைய எண்களை ஆசிரியர் இப்போது ஒரு புது நோட்டில் எழுதி வருகிறார். கணினியில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். சில கார்டுகள் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருக்கின்றன. அவர்களில் யார் வீடு மாறினார்கள், யார் இல்லாமல் போனார்கள் என்று அறிய இனி வழியில்லை. அன்றைக்கே நான் வாய் திறந்திருந்தால் அவர்களிலும் சிலர் கிடைத்திருப்பார்கள்.

2020க்குப் பிறகு இதழ் வரவில்லையே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆசிரியர்மேல் வருத்தத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அந்த வருத்தத்தை என் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்களைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். இடம் மாறியிருந்தால் உங்கள் எண்ணை அவருடைய பழைய முகவரிக்கே எழுதுங்கள். எந்த நேரத்தில் கூப்பிடலாம், நீங்கள் இல்லாவிட்டால் யாரிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.